விசுவாசி சினிமா பார்க்கலாமா, ஓட்டுக்குப் பணம் வாங்கலாமா: சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டத்திலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தேர்தல் நெருங்கினால் இன்னும் கூடும். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். நாங்கள் வேதாகமத்தைத் தேவனுடைய வார்த்தையாக அப்படியே ஏற்கிறவர்கள். பதில்களும் அந்த இடத்திலிருந்துதான் வருகின்றன. சிஎஸ்ஐ, லுத்தரன், பிரதரன், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையாருக்கும் உதவும்படி எழுத முயன்றிருக்கிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வேதம் கேட்கும் கண்டிப்பை நாம் நம் வீட்டிலும் சபையிலும் நடத்திக் காட்ட வேண்டும். அந்த வேலையைக் கட்சியிடமோ அரசாங்கத்திடமோ ஒப்படைக்கக் கூடாது.

1. பிரதர், சினிமா பார்க்கிறது பாவமா இல்லையா? சுத்திவளைக்காம சொல்லுங்க.

திரைப்படம் பார்ப்பதே பாவம் என்று சொல்லும் வசனம் இல்லை. ஆனால் தீங்கான காரியத்தைக் கண்முன் வைப்பதில்லை என்று தாவீது சங்கீதம் 101:3-இல் தீர்மானிக்கிறார். எவைகளைச் சிந்தித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பிலிப்பியர் 4:8 வரிசையாகச் சொல்கிறது. இந்த இரண்டு வசனங்களையும் எதிரே வைத்துக்கொண்டு எந்தப் படத்தைக் கூச்சமில்லாமல் பார்க்க முடிகிறதோ அதைப் பார்க்கலாம். பழிவாங்குவதையும் குடியையும் பெண்ணைத் துரத்துவதையும் வீரமாகக் காட்டும் படத்தை அப்படிப் பார்க்க முடியாது.

நேரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு தமிழ்ப் படம் இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. மாற்கு சுவிசேஷம் முழுவதையும் சத்தமாக வாசிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். வாரம் இரண்டு படம் பார்க்கிறவர் வேதம் வாசிக்க நேரமில்லை என்று சொல்ல முடியாது. தியேட்டர் வாசலை மிதித்ததே இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டு, இரவு பன்னிரண்டு மணி வரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் விசுவாசிக்கும் இதே கணக்குதான். நடிகரின் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் கூட்டத்தில் நிற்பது மட்டும் எந்த விவாதத்துக்கும் இடமில்லாதது. அது முதல் கற்பனையை மீறுவது.

2. அப்போ எங்க பாட்டி காலத்துல தியேட்டர் பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னாங்களே, அது தப்பா?

தப்பில்லை. அந்தத் தலைமுறை குடி, சூது, கூத்து எல்லாவற்றையும் ஒன்றாகவே விட்டு வந்தது. விட்டதற்குத் திரும்ப வழி வைக்க விரும்பவில்லை. அதைத் தனக்கென்று எடுத்த தீர்மானமாகக் கடைப்பிடித்த வரையில் ரோமர் 14 அதை மதிக்கிறது. அடுத்தவருடைய இரட்சிப்பை அளக்கும் அளவுகோலாக அதை மாற்றியபோதுதான் சபைகளுக்குள் காயம் உண்டானது.

3. பிள்ளைங்களுக்கு எந்தப் படம் காட்டலாம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் சான்றிதழ். 2023-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பழைய ‘யுஏ’ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. ‘ஏ’ படத்துக்கு 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைத் தியேட்டரில் அனுமதிக்கக் கூடாது. யுஏ என்பது பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. பிள்ளை உங்களோடு வந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். தீர்மானம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஓடிடியில் வயதுக் குறியீட்டோடு வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப்பொருள் என்று ஒரு சிறு வரி வரும். படத்தின் பெயரைவிட அந்த வரியைக் கவனியுங்கள்.

வீட்டுக் கட்டுப்பாடு தோற்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டுவிட்டு அப்பாவின் ப்ரொஃபைலுக்குப் பின் நம்பர் வைக்காமல் விடுவார்கள். வைத்தாலும் வீட்டில் யாருடைய பிறந்த வருஷமாவது இருக்கும். அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை அணைக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் இன்றைக்கே சரிசெய்துவிடலாம். அதற்குமேல், படம் முடிந்ததும் “அந்த ஹீரோ செய்தது சரியா? ஏன்?” என்று கேட்டுப் பத்து நிமிஷம் பேசுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளையைத் திரையிலிருந்து முழுக்க மறைக்க முடியாது. பகுத்தறியப் பழக்கத்தான் முடியும்.

4. சினிமா மெட்டுல கர்த்தரைப் பாடலாமா பாஸ்டர்? வேதநாயக சாஸ்திரியாரும் அப்படித்தானே பண்ணினார்?

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இராகங்களையும், கோவில்களிலும் அரண்மனையிலும் ஆடப்பட்ட குறவஞ்சி வடிவத்தையும் எடுத்துக்கொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். இராகமும் வடிவமும் யாருக்கும் சொந்தமில்லை. அவர் எடுத்தது ஒரு மரபை. இன்று ஹிட்டான பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து வரிகளை மட்டும் மாற்றுவது வேறு காரியம். பாடுகிறவனின் மனதில் அந்தப் பாட்டின் காட்சி ஓடும். திருவிருந்து நேரத்தில் அது ஓடுவதை எந்தப் போதகர் விரும்புவார்?

சட்டமும் இருக்கிறது. மெய்யான மதச் சடங்கில் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. பதிவுசெய்து யூடியூபில் ஏற்றும்போது அந்த விலக்கு கூடவே வரும் என்று எண்ண வேண்டாம். மெட்டுக்கு உரிமையுள்ளவர் புகார் கொடுத்தால் வீடியோ எடுக்கப்படும், சேனலுக்கும் எச்சரிக்கை வரும். மற்ற சபையாரின் புதிய கிறிஸ்தவப் பாடல்களை அனுமதியின்றிப் பதிவிடுவதற்கும் இது பொருந்தும். கீர்த்தனைகளும் பழைய ஞானப்பாட்டுகளும் கைவசம் நிறையவே இருக்கின்றன.

5. ஆபீஸ்ல ஆயுத பூஜைப் பொரி கொடுக்கறாங்க. வாங்கலேன்னா முகம் சுண்டுது. என்ன செய்யறது?

1 கொரிந்தியர் 10:25-28 இதே சூழ்நிலைக்கு எழுதப்பட்டது. சந்தையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிப் புசிக்கலாம். அவிசுவாசி வீட்டு விருந்தில் வைத்ததையும் விசாரிக்காமல் புசிக்கலாம். “இது படைத்தது” என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால் புசிக்க வேண்டாம். ஆகவே சாயங்காலம் பொதுவாக மேசையில் வைத்த சுண்டலுக்கும், பூஜை முடிந்த கையோடு பிரசாதம் என்று நீட்டப்படுவதற்கும் வித்தியாசம் உண்டு. பிந்தையதை மறுக்கும்போது விளக்கப் பிரசங்கம் வேண்டாம். “நான் எடுத்துக்கிறதில்லை சார், தப்பா நினைக்காதீங்க” என்றால் போதும். அறையைச் சுத்தம் செய்யவும் பந்தல் கட்டவும் முதல் ஆளாகப் போய் நின்றவர் சொன்னால் யாரும் தப்பாக எடுப்பதில்லை.

பொங்கல்? அறுவடைக்கு நன்றி சொல்லிப் பொங்கல் பொங்கலாம், புது உடுப்பு உடுத்தலாம். நம் சபைகளில் அறுப்பின் பண்டிகை அதற்குத்தான் இருக்கிறது. சூரியனுக்குப் படைக்கும் பகுதியில் சேரக் கூடாது. வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசி என்றால், பானையைத் தூக்கி வைப்பதும் கரும்பு வெட்டுவதும் மாமியாருக்குச் செய்யும் உதவி. கும்பிடுவதில்தான் எல்லை. ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் எஜமானுக்குக் கைத்தாங்கலாகக் குனிய வேண்டியிருந்த சீரிய படைத்தலைவன் நாகமானின் சங்கடத்தை எலிசா தீர்க்கதரிசி கடிந்துகொள்ளவில்லை (2 இராஜாக்கள் 5:18-19).

6. நம்ம குடியிருப்பு பரலோகத்துல. ஓட்டு எதுக்கு? ஜெபம் பண்ணினா போதாதா?

சட்டம் யாரையும் ஓட்டுப் போடக் கட்டாயப்படுத்தவில்லை. மனசாட்சியால் ஒதுங்கும் சகோதரர்களை நாங்கள் குறை சொல்லவும் மாட்டோம். ஆனால் சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எரேமியா 29:7 சொல்கிறது. பவுலும் தன் ரோமக் குடியுரிமையைத் தேவையான இடத்தில் பயன்படுத்தினார். எங்கள் பரிந்துரை, போய்ப் போடுங்கள். புதிதாகச் சேர்க்க படிவம் 6, வீடு மாறினால் படிவம் 8. யாரையும் ஏற்க மனமில்லையென்றால் 2013 முதல் ‘நோட்டா’ பட்டன் இருக்கிறது.

7. பணம் எல்லாருக்கும்தான் தர்றாங்க. வாங்கிட்டு மனசாட்சிப்படி போட்டா என்னண்ணே?

மற்ற கேள்விகளில் வெவ்வேறு கருத்துக்கு இடம் உண்டு. இதில் இல்லை. “பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி” என்று யாத்திராகமம் 23:8 சொல்கிறது. வாங்கிவிட்டு வேறு ஆளுக்குப் போட்டால் லஞ்சத்தோடு பொய்யும் சேர்கிறது. சட்டத்திலும் கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் குற்றவாளிகள். பாரதிய நியாய சன்ஹிதா 170, 173 பிரிவுகளின்படி ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். பணப் பட்டுவாடாவினால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் என்று தமிழ்நாட்டில் தேர்தல்களே நிறுத்தப்பட்டன. கிறிஸ்தவர்கள் வாழாத தொகுதி இவற்றில் ஒன்றும் இல்லை.

நடைமுறையில் சிக்கல் எங்கே வருகிறது? பட்டுவாடா செய்பவர் தெருக்காரர், தெரிந்தவர். வீட்டில் ஐந்து ஓட்டு என்றால் ஐந்து பேருக்கும் சேர்த்துக் கவரை அம்மா கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார். ஆகவே தேர்தலுக்குப் பத்து நாள் முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்: யார் வந்தாலும் வாசலிலேயே “எங்க வீட்டுக்கு வேண்டாம் தம்பி” என்று சொல்வது, கதவிடுக்கில் போட்டுப் போனால் அன்றைக்கே திருப்பிக் கொடுப்பது. டோக்கன், மூக்குத்தி, குக்கர், சபைக்கு நாற்காலி எல்லாம் இதே கணக்கில் வரும். புகார் செய்யத் துணிவுள்ளவர்களுக்குத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி இருக்கிறது. படமோ வீடியோவோ அங்கேயே எடுத்து அனுப்ப வேண்டும். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிஷத்துக்குள் நடவடிக்கை என்பது ஏற்பாடு.

ஏழை விசுவாசியைக் கண்டிக்கும் முன் மூப்பர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த ஆயிரம் ரூபாய் அவர் வீட்டில் ஒரு வாரச் சாப்பாடு. அதை வேண்டாம் என்று சொல்லச் சொல்கிற சபை, அந்த வாரம் அவர் வீட்டு அரிசிப் பானையை எட்டிப் பார்க்கவும் கடன்பட்டிருக்கிறது.

8. வேட்பாளர் ஞாயிறு ஆராதனைக்கு வர்றேங்கறார். வேண்டாம்னா பகை, சரின்னா பிரச்சனை. கமிட்டி என்ன செய்யணும்?

ஆராதிக்க வந்தால் வரட்டும். மற்றவர்கள் உட்காரும் இடத்தில் உட்காரட்டும். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனுக்கு நல்ல இடம் கொடுக்காதே என்று யாக்கோபு 2:2-4 சொல்கிறதே. மைக், பொன்னாடை, அறிவிப்பு, வாசலில் நோட்டீஸ், கட்சித் துண்டோடு கூட்டம் எதுவும் கூடாது. வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதி சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டமோ, சபை வளாகத்தையும் பணத்தையும் அரசியலுக்குப் பயன்படுத்தினால் நிர்வாகிக்கு ஐந்தாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வேட்பாளர் போய்விடுவார், வழக்குக்கு அலைவது செயலாளரும் பொருளாளரும்தான்.

பகை வராமலிருக்க ஒரு வழி: தேர்தல் அறிவித்தவுடனேயே கமிட்டி தீர்மானம் எழுதி, எல்லாக் கட்சிக்கும் ஒரே பதில் என்று ஆக்கிவிடுவது. “ஐயா, இது உங்களுக்கு மட்டுமில்லை, போன வாரம் வந்தவருக்கும் இதையேதான் சொன்னோம்” என்று போதகர் சொல்ல முடிய வேண்டும். ஜெபத்தில் 1 தீமோத்தேயு 2:1-2-இன்படி அதிகாரத்திலுள்ள எல்லாருக்காகவும் ஜெபியுங்கள். ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லி வெற்றிக்காக ஜெபிக்காதீர்கள். அது ஜெப வடிவில் வரும் பிரசாரம்.

9. நம்ம ஆளு நிக்கிறார், கிறிஸ்தவர். அவருக்குப் போடறது கடமைதானே?

இல்லை. அவர் சபைக் கமிட்டிக்கு நிற்கவில்லை, எல்லா மதத்தாருக்கும் பிரதிநிதியாக நிற்கிறார். நேர்மை, செயல், அவர் கட்சி கொண்டுவரப்போகும் சட்டங்கள் இவற்றைப் பாருங்கள். நடிகர் நின்றாலும் இதே அளவுகோல். தவிர, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-இன்படி ஊழல் நடவடிக்கை. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. உங்கள் வாட்ஸ்அப் பிரசாரமே அவர் ஜெயித்த பிறகு அவருடைய வெற்றிக்கு எதிரான சாட்சியாகலாம்.

10. அமெரிக்காவுல விசுவாசிகள் எல்லாரும் ஒரே கட்சிக்குத்தானே போடறாங்க? நாமும் அப்படி ஒண்ணு சேர்ந்தா என்ன?

எல்லாரும் அல்ல. 1979-இல் ஜெரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கிய காலத்திலிருந்து வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சியோடு நிற்கிறார்கள். கருக்கலைப்பு அதில் முக்கியமான விஷயம். அதே நாட்டில், உபதேசத்தில் அவர்களுக்குக் குறையாத பற்றுள்ள கறுப்பினச் சபையார் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். வேதம் ஒன்று, ஓட்டு இரண்டு. அவர்களுடைய பிரசங்கங்களை யூடியூபில் கேட்டு அவர்களுடைய எதிரிகளையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டாம். அங்கே பெரும்பான்மையாக இருப்பவர்களின் கவலை வேறு, இங்கே சிறுபான்மையாக இருக்கும் நம் கவலை வேறு.

11. ஆதார்தான் 666 முத்திரைன்னு ஒரு ஊழியர் சொல்றாரே?

வெளிப்படுத்தின விசேஷம் 13-ஐ முழுவதும் வாசியுங்கள். முத்திரை வலது கையிலாவது நெற்றியிலாவது இடப்படுகிறது. அது மிருகத்தை வணங்குவதோடு சேர்ந்தது. ஆதார் ஒரு 12 இலக்க எண். அதற்காக யாரையும் வணங்கச் சொல்வதில்லை. இதற்குமுன் பொருள்களின் பார்கோடைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள். பயமுறுத்தும் செய்தியை நம்பி முதியோர் ஓய்வூதியத்தையும் ரேஷனையும் விட்டுவிட்டால் நஷ்டப்படுவது அந்தக் குடும்பம்தான். தனிப்பட்ட விவரங்களின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படலாம், அது நியாயமான குடிமக்கள் கவலை. அதற்குத் தீர்க்கதரிசன முலாம் வேண்டாம்.

12. தமிழ்த்தாய் வாழ்த்துல ‘தெய்வம்’ மாதிரி பாடறாங்களே, எழுந்து நிற்கலாமா?

நிற்கலாம். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 விநாடியில் பாடி முடிக்க வேண்டும், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அரசாணை. மொழியைத் தாயாக உருவகித்த கவிதை அது. நிற்பது மரியாதை (1 பேதுரு 2:17). வார்த்தைகளைச் சொல்ல மனசாட்சி இடங்கொடுக்காதவர் அமைதியாக நிற்கட்டும். கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக நின்று, பாடாமல் இருந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டது செல்லாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களுடைய உபதேசத்தை நாம் ஏற்பதில்லை. அந்தத் தீர்ப்பு நமக்கும் பாதுகாப்பு.

13. படத்துல பாதிரியாரைக் கேவலமா காட்டறாங்க. வழக்குப் போட வேண்டாமா?

முதலில், காட்டியது உண்மையா என்று பாருங்கள். காணிக்கை மோசடி செய்யும் போதகரைப் படத்தில் காட்டினால், நம்மிடையே அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்ல முடியுமா? பொய்யான, வேண்டுமென்றே இழிவுபடுத்தும் காட்சியானால் வழி இருக்கிறது. ஓடிடியில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு, எந்த எபிசோடு, எத்தனையாவது நிமிஷம், என்ன வசனம் என்று குறித்து எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். திருப்தியில்லை என்றால் அவர்களுடைய சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு. “கிறிஸ்தவர்கள் மனம் புண்பட்டது” என்று மொட்டையாக எழுதும் கடிதங்கள் குப்பைக்குப் போகும்.

மத உணர்வைப் புண்படுத்தியதாகக் குற்ற வழக்கு (பழைய 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 299) போடுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. தெருப் பிரசங்கியார் மேலும் அதே பிரிவில்தான் வழக்குப் பதிகிறார்கள். நமக்குச் சுவிசேஷம் சொல்லச் சுதந்திரம் வேண்டுமென்றால், நம்மைப் பற்றிப் பிறர் பேசும் சுதந்திரத்தையும் தாங்க வேண்டும்.

14. ஞானஸ்நானம் எடுத்தாச்சு, சர்டிபிகேட்ல மட்டும் இந்து எஸ்சி. மாத்தினா பிள்ளை படிப்பு போயிடும். இதுவும் பாவமா ஐயா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியது சபைதான். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. அந்தப் பத்தியை நீக்க வேண்டுமென்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. மதம் மாறியதும் தீண்டாமை நின்றுவிடுகிறது என்பது அந்த ஆணையின் அனுமானம். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி ஒதுக்கும் சபைகள், அந்த அனுமானம் பொய் என்பதற்கு வெட்கப்பட வேண்டிய சாட்சியாக நிற்கின்றன.

ஆனாலும் நேர்ப் பதில் சொல்ல வேண்டும். கிறிஸ்துவைப் பகிரங்கமாக அறிக்கையிட்டுவிட்டு, தாசில்தார் முன்னால் நான் இந்து என்று உறுதிமொழி கொடுப்பது பொய். ஆபத்தும்கூட: ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குப் போய்வந்த ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்டபோது, அது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்று 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பல வருஷ வேலைக்குப் பிறகுகூடச் சான்று ரத்தாகலாம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. இ-சேவை மையம் வழியாக அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளை பள்ளி மாறும் நேரத்தில், மாற்றுச் சான்றிதழ் எழுதும் முன்பே செய்துவிட்டால் பின்னால் முரண்பாடு வராது. இழக்கும் கல்வி உதவித்தொகையைச் சபை ஈடுசெய்ய வேண்டும். ஞானஸ்நான வகுப்பிலேயே இந்த விவரத்தைச் சொல்லாமல், தண்ணீரிலிருந்து ஏறிய பிறகு உண்மை பேசு என்று சொல்வது நியாயமில்லை.

15. இதையெல்லாம் சபை குரூப்பில் போட்டா சண்டை வருது பிரதர். போடலாமா?

ஜெபக்குறிப்பு, ஆராதனை நேரம், துக்கச் செய்தி, உதவி தேவை: சபை வாட்ஸ்அப் குரூப்பில் இவை மட்டும். கட்சிச் செய்தி, தலைவர் படம், உறுதிசெய்யாத ‘சபை தாக்கப்பட்டது’ ஃபார்வர்டு எதுவும் வேண்டாம். மெய்யான தாக்குதல் செய்தியானால் ஊர், தேதி, அங்குள்ள போதகரின் நேரடி உறுதி இருக்கிறதா என்று அட்மின் விசாரித்த பிறகு போடலாம். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும் வரை அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். கருத்து வேறுபாட்டை வேதப்பாட வகுப்பில் நேரில் பேசுங்கள். இந்தக் கேள்விகளில் 5, 7, 14 மூன்றையும் வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டால் மூன்று வாரம் ஓடும். ஒன்பதாம் கேள்வியை மட்டும் தேர்தல் முடிந்த பிறகு எடுங்கள்.